பச்சைப் புடவைக்காரி கெட்டவளா?

"வருதா?"

"வர்ல."

"இப்ப?"

"கட்டம் கட்டமா வருது."

"இப்ப கட்டம் போச்சா?"

"போச்சு... ஐய, மறுபடியும் வந்துடுச்சு."

ஆலங்காயத்துச் சுற்றுப்பட்டில் எந்த மொட்டை மாடியிலிருந்து இந்தக் குரல் கேட்டாலும் அது பூபாலனுடையதுதான். பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனர் பிடித்த கை டிஷ்ஷின் முதுகில் இருக்கும். கண் தென்கிழக்கு வானத்தில் இருக்கும். காதை மட்டும் கீழே வீட்டுக்குள் அனுப்பி வைத்திருப்பார். சிக்னலை எண்ணாகக் காட்டும் மீட்டர் ஒன்று அவரிடம் உண்டு. அதன் மேல் அவருக்கு நம்பிக்கை கிடையாது. "மீட்டரு தொண்ணூறு காட்டும்ங்க, உள்ள படம் நின்னு போயிருக்கும். டிவி முன்னாடி ஒரு ஆள் நின்னு வருது, வர்லன்னு சொல்லணும். மேல ஒரு ஆளு, கீழ ஒரு ஆளு. ரெண்டு பேரும் பேசிக்கலன்னா படம் வராது" என்பார். கீழே நிற்பவர் ஊமையாக இருந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒருவர் மடக்கினார். ஜன்னல் வழியாகக் கையை ஆட்டச் சொன்னதாகவும், அப்படி ஒரு வீட்டில் மாட்டியே இருப்பதாகவும் பதில் வந்தது.

வயது நாற்பத்தாறு. ஒடிசலான உடம்பு. முழங்கைக்குக் கீழே வெயிலில் வெந்த நிறம், மேலே சட்டைக்குள் வேறு நிறம். செருப்பைத் தரையில் கழற்றி விட்டுத்தான் ஏறுவார். தளத்தின் சூடு காலில் ஏறினால்தான் கை ஓடும் என்பது அவர் கட்சி. சட்டைப் பையில் ஒயருக்குக் குறி போடும் கறுப்பு மார்க்கர், தோளில் காக்கிப் பை, வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. சிடுசிடுப்பு இல்லாத மனுஷன். யாராவது ஏணியைப் பிடிக்க வந்தால் மட்டும் முகம் மாறிவிடும். "வுடுங்க, வுடுங்க! புடிக்கறேன்னு ஆட்டிப்புடுவீங்க." ஏணியை அவரே சாய்ப்பார், அவரே இரண்டு முறை உலுக்கிப் பார்ப்பார், அவரே ஏறுவார். இத்தனை வருஷத் தொழிலில் இன்னொருவர் கை அவர் ஏறும் ஏணியில் பட்டதில்லை. இதைத் திமிர் என்று சொல்கிறவர்களும் உண்டு.

படம் வந்த பிறகு மற்ற டிஷ்காரர்கள் ஒரு டீ கேட்பார்கள். பூபாலன் ஒரு கேள்வி கேட்பார். அதற்காகவே வேலையை எப்படியாவது மதியம் இரண்டு மணி வாக்கில் முடியும்படி வைத்துக்கொள்வார். முதல் நாள் இரவு எட்டரைக்கு வந்த நாடகம் அந்த நேரத்தில்தான் மறுபடியும் வரும். ரிமோட்டை வாங்கி அந்தச் சேனலைப் போடுவார். பச்சைப் புடவை கட்டிய ஒருத்தி திரையில் வரும் வரைக்கும் பொறுமையாக நிற்பார். வந்ததும் வீட்டுக்காரர்கள் பக்கம் திரும்பி, "இவ நல்லவளா, கெட்டவளா? இன்னா நெனைக்கிறீங்க?" என்பார்.

நாடகத்தில் அவளுக்கு நீலாயதாட்சி என்று பெயர். வாயில் நுழையாத அந்தப் பெயரை ஊர் பச்சைப் புடவைக்காரி என்று சுருக்கிக்கொண்டது. அவள் செய்த காரியம் இதுதான். தங்கைக்கு நிச்சயம் ஆன வீட்டுக்குத் தன்னந்தனியாகப் போய், "என் தங்கைக்கு வலிப்பு உண்டு" என்று ஒரு பொய்யைச் சொல்லிக் கல்யாணத்தை நிறுத்தினாள். தங்கை மாதக்கணக்கில் அழுதாள். அப்புறம்தான் அந்த மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருந்ததும், அவள் கிணற்றில் விழுந்து செத்ததும் வெளியே வந்தது. அது தெரிந்து தங்கையைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னாளா? இல்லை, படுத்த படுக்கையாகக் கிடக்கும் அப்பாவைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஓர் ஆள் வேண்டும் என்று சொன்னாளா? நாடகக்காரர்கள் இருநூறு நாளாக அதைச் சொல்லாமலே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் தூங்கிய பிறகு அவள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுவாள். எதற்கு அழுகிறாள் என்பதை மட்டும் சொல்ல மாட்டாள்.

கேட்ட கேள்விக்கு ஜனங்கள் சும்மா பதில் சொல்லிவிடவில்லை, வக்கீல்களாகவே மாறினார்கள். பஸ் நிலையத்தருகே இட்லிக் கடை வைத்திருக்கும் கன்னியம்மாள், "கெட்டவ இல்லன்னா எதுக்குப்பா அவ வர்றப்ப மட்டும் டமடமன்னு மியூசிக் போடுறான்? படம் புடிக்கிறவனுக்குத் தெரியாதா?" என்றாள். ஒடுகத்தூர் உரக்கடைக்காரர் தேவராஜ் வெகுநேரம் தாடையைச் சொறிந்துவிட்டு, "கல்யாணத்த நிறுத்துனது தப்பு இல்ல. வலிப்புன்னு சொன்னதுதான் தப்பு. ஜாதகம் சரி இல்லன்னு சொல்லி இருக்கலாமே" என்றார். ஒரு வீட்டில் மாமியார் நல்லவள் என்றும் மருமகள் கெட்டவள் என்றும் ஆரம்பித்து, பச்சைப் புடவைக்காரியை விட்டுவிட்டு வேறு எங்கேயோ போய்விட்டார்கள். பூபாலன் பையைத் தூக்கிக்கொண்டு நழுவி வந்தார்.

வாடிக்கையாளர்களின் பாக்ஸ் நம்பர் எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கோடு கிழித்து, இந்தப் பக்கம் 'ந', அந்தப் பக்கம் 'கெ' என்று போட்டு வைத்திருக்கிறார். ஆடி மாதம் பிறக்கும்போது 'கெ' அறுபத்தொன்று, 'ந' நாற்பத்தெட்டு. அதைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாள்தான் அவருக்கு ஒன்று பிடிபட்டது. வீட்டில் மூத்தவர்களாகப் பிறந்தவர்கள் அநேகமாக எல்லாரும் அவளை நல்லவள் என்கிறார்கள். இளையவர்கள் கெட்டவள் என்கிறார்கள். அதற்குப் பிறகு கேள்வி கேட்கும் முன், "நீங்க எத்தினியாவது புள்ள?" என்றும் கேட்க ஆரம்பித்தார். பதிலை மனசுக்குள் முன்கூட்டியே சொல்லிவிட்டு, அது சரியாக வந்தால் கிராம்பை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொள்வார். "நீ இன்னாபா சொல்ற?" என்று திருப்பிக் கேட்டால், "நான் அம்பயருங்க, அம்பயர் ஓட்டு போடக் கூடாது" என்று சிரிப்பார்.

பூபாலனுக்கு நாடகப் பைத்தியம் முற்றிவிட்டது என்று ஊர் முடிவு செய்தது. அவர் மனைவி தமிழரசிக்கு மட்டும் விஷயம் தெரியும். காக்கிப் பைக்குள், ஸ்பேனர் எண்ணெய் படாதபடி பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஒரு கல்யாணப் பத்திரிகை கிடந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. மேலே பெயர் எழுதவில்லை.

மகள் ஷோபனாவுக்கு ஆவணியில் கல்யாணம். வாணியம்பாடியில் நர்ஸ் வேலை, மாப்பிள்ளையும் அங்கேயே. எல்லாம் கூடிவந்துவிட்டது. அவர்கள் வகையறாவில் முதல் பத்திரிகை குலதெய்வத்துக்கு, அடுத்தது பங்காளிகளில் மூத்தவருக்கு. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போய் வெற்றிலை பாக்கோடு அவர் கையில் கொடுத்த பிறகுதான் ஊரில் மற்ற யாருக்கும் நீட்டலாம். பந்தக்காலையும் அவர்தான் தொட்டு நட வேண்டும். குலதெய்வத்துக்கு வைத்தாகிவிட்டது. பங்காளிகளில் மூத்தவர் என்றால் பூபாலனின் சொந்த அண்ணன் கோபால்சாமி. அவரோடு பூபாலன் பேசி பதினொரு வருஷம் ஆகிறது. அதனால் மீதிப் பத்திரிகைகள் எல்லாம் கட்டுப் பிரிக்காமல் பீரோவில் இருந்தன. கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள்.

"பத்திரிகை பீரோவுலயே இருந்தா கல்யாணமும் பீரோவுலதான் நடக்கும், பாத்துக்கோ" என்றாள் தமிழரசி.

அண்ணன் செய்தது இது. எல்லையில் சண்டை நடந்த தொண்ணூற்றொன்பதாம் வருஷக் கோடையில் பூபாலனுக்கு வயது இருபது. வேலூரில் நடந்த மிலிட்டரி ஆள் எடுப்பில் ஓடிக் குதித்துத் தேறியிருந்தார். ஊரிலிருந்து ஐந்து பேர் தேறினார்கள். நான்கு பேருக்குக் கடிதம் வந்தது, பூபாலனுக்கு வரவில்லை. பட்டியலில் விட்டுப்போயிருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு அண்ணனோடு கடலைக் காட்டில் இறங்கினார், அப்புறம் ஒயர் இழுக்கப் போனார், அப்புறம் டிஷ். பதினொரு வருஷத்துக்கு முன் அம்மா இறந்து, அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, ரேஷன் கார்டு உறைக்குள் நான்காக மடித்து அந்தக் கடிதம் இருந்தது. தன் பெயர், சேர வேண்டிய தேதி, முத்திரை எல்லாம் அப்படியே. பூபாலன் அதைத் தூக்கிக் காட்டினார். "ஆமா, நான்தான் எடுத்து வச்சேன்" என்றார் கோபால்சாமி. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. ஏன் வைத்தேன் என்று சொல்லுவார் என்று பூபாலன் காரியம் முடியும் வரைக்கும் காத்திருந்தார். சொல்லவில்லை. அன்றைக்கு நின்ற பேச்சுதான்.

ஏன் என்பதற்கு இரண்டு பக்கமும் சாட்சி உண்டு. அந்தக் கோடையில் தேசியக் கொடி போர்த்திய பெட்டிகளை டிவியில் பார்த்து அம்மா சோறு இறங்காமல் கிடந்தாள், அது ஒரு பக்கம். அதே கோடையில் அண்ணன் கூடுதலாக இரண்டு ஏக்கரை வாரக் குத்தகைக்குப் பிடித்துவிட்டுக் கடலை போட ஆள் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்தார், அது இன்னொரு பக்கம். போன நான்கு பேரில் மூன்று பேர் பென்ஷனோடு திரும்பினார்கள். ஒருவன் ஏழு வருஷம் கழித்துப் பனியில் போனான். "கடுதாசி அத்தை பொட்டியிலதான இருந்துச்சு? அத்தையே வைக்கச் சொல்லி இருந்தா?" என்று தமிழரசி ஒரு தடவை கேட்டாள். "அவருதான் நான் வச்சேன்னு சொன்னாரே" என்று பூபாலன் அந்தப் பேச்சை அடைத்துவிட்டார்.

ஊரில் போய், என் அண்ணன் நல்லவனா கெட்டவனா என்று கேட்க முடியுமா? நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், அது அண்ணன் காதுக்கும் போகும். பச்சைப் புடவைக்காரியைப் பற்றிக் கேட்டால் யாருக்கும் நஷ்டம் இல்லை. போகப் போக பூபாலனுக்கு இதில் ஒரு பிடிவாதமே வந்துவிட்டது. அவள் வாயைத் திறந்து, ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்லட்டும், அன்றைக்கே பத்திரிகை விஷயத்தை முடிவு செய்துவிடலாம் என்று தமிழரசியிடம் சொன்னார். கட்டின புருஷனை அவள் அப்படி ஒரு பார்வை பார்த்தது கிடையாது.

"நாடகக்காரி வாயத் தொறக்கறதுக்குள்ள சம்பந்தி வூட்டுல வாயத் தொறந்துடுவாங்க" என்றாள்.

அந்த வாரம் நெல்லிவாசல்நாட்டில் ஒரு வேலை வந்தது. ஜீப்பின் தலையில் டிஷ்ஷைக் கட்டிவிட்டு, உள்ளே பத்துப் பேரோடு பதினொன்றாவது ஆளாக ஒண்டிக்கொண்டு மலை ஏறினார். இறங்கியும் ஒரு மைல் நடக்க வேண்டியிருந்தது. செல்லி என்பவளுடைய வீடு. ஓட்டுக்கூரை, வாசலில் பெரிய பலா. முப்பத்தைந்து வயதுக்காரி, முறத்தில் சாமை புடைத்துக்கொண்டே கீழே நின்று வருது, வர்ல என்று பதில் சொன்னாள். ஒரு தடவைகூட முறம் நிற்கவில்லை. பலா மரத்துக் கிளை குறுக்கே விழுந்ததால் டிஷ்ஷை மாட்டுக் கொட்டகைப் பக்கம் மாற்றிக் கட்ட வேண்டியதாயிற்று. படம் வந்தபோது மணி இரண்டேகால்.

"நீ எத்தினியாவது பொண்ணு?" என்று ஆரம்பித்தார்.

"ஏழாவது. எனக்குப் பொறவு எங்கம்மா நிறுத்திட்டா."

கடைக்குட்டி. கெட்டவள் என்றுதான் சொல்லுவாள் என்று மனசுக்குள் எழுதிவிட்டுக் கேள்வியைக் கேட்டார். செல்லி முறத்தை மடியில் வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. பச்சைப் புடவைக்காரி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"இவ கதவ சாத்திகினு அழுவறத நமக்குக் காட்டுறாங்க இல்லண்ணா? அதனாலதான் நமக்கு மனசு எளகுது. அந்தத் தங்கச்சிக்காரிக்கு யாரு காட்டுனாங்க? அவளுக்குத் தெரிஞ்சதெல்லாம் அந்தப் பொய்யி ஒண்ணுதான். அவ எடத்துல நான் இருந்தா கெட்டவன்னுதான் சொல்வேன். இங்க ஒக்காந்து பாக்கறதால நல்லவன்னு சொல்றேன். இன்னான்னு எழுதிக்குவ?"

பூபாலன் நோட்டை விரித்தபடி நின்றார். எந்தப் பக்கம் கோடு போடுவது என்று தெரியவில்லை.

"அது சரி, இத எதுக்கு வூடு வூடா கேட்டுகினு திரியற? அவ உன் வூட்டுக் கல்யாணத்துக்குச் சாப்ட வரப் போறாளா இன்னா?" என்றாள் செல்லி.

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் புடைக்கத் தொடங்கினாள். பூபாலனுக்குக் கிராம்பு புரை ஏறிவிட்டது. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, அன்றைக்கு ஒரு கோடும் போடாமல் நோட்டை மூடினார். ஜீப்பில் இறங்கி வரும்போது வழியெல்லாம் அதே நினைப்பு. அம்மாவின் பெட்டியை மூடியபோது அண்ணன் முகம் எப்படி இருந்தது என்று யோசித்துப் பார்த்தார். அவர் முகத்தைத் தான் பார்க்கவே இல்லை, கடிதத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

வெள்ளிக்கிழமை நாடகத்தில் விஷயம் சூடு பிடித்தது. தங்கை நேருக்கு நேராக வந்து நின்று, "ஏன் அக்கா அந்தப் பொய்யைச் சொன்னாய்?" என்று கேட்டுவிட்டாள். பச்சைப் புடவைக்காரி உதட்டைக் கடித்தாள். "சொல்லிவிடுகிறேன்" என்றாள். அவள் முகத்தை மூன்று தடவை மூன்று பக்கத்திலிருந்து காட்டி, மூன்று தடவை இடி இடிக்க வைத்து, அப்படியே நிறுத்திவிட்டார்கள். மீதி திங்கட்கிழமை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் பூபாலன் ஒரு வேலையும் ஒத்துக்கொள்ளவில்லை. தமிழரசி வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். எப்படியோ திங்கட்கிழமை ஒரு முடிவு வந்தால் சரி என்று அவளும் அந்த நாடகத்தையே நம்பும் நிலைக்கு வந்திருந்தாள்.

திங்கட்கிழமை அதே கூடம், அதே தங்கை, அதே பச்சைப் புடவை. புடவைக்குள் வேறொரு பெண் நின்றுகொண்டிருந்தாள். திரையின் அடியில் 'இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு வரி ஓடியது. பழைய நடிகைக்கும் நாடகக்காரர்களுக்கும் என்ன தகராறோ தெரியவில்லை. புதியவள், "நேரம் வரும்போது சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறிப் போய்விட்டாள். அடுத்த காட்சியில் வீட்டில் ஒரு வைர மோதிரம் காணாமல் போயிற்று. அதோடு கதை மோதிரத்தின் பின்னால் ஓடியது.

"போச்சா?" என்றாள் தமிழரசி. பூபாலன் ரிமோட்டைப் பெட்டி மேல் வைத்தார். ஓர் ஆளை நம்பிக் கெட்ட முகம் அவருக்கு. கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

மறுநாள் காலையில் சேட்டு கூப்பிட்டார். சேட்டு, கடிதம் வந்து மிலிட்டரிக்குப் போன அந்த நான்கு பேரில் ஒருவர். பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு, பென்ஷனோடும் மடங்காத ஒரு முழங்காலோடும் ஊர் திரும்பியவர். மலையடிவாரத்தில் பூபாலன் பிறந்த அதே தெருவில், கோபால்சாமி வீட்டுக்கு அடுத்த வீடு. அந்தத் தெருவிலிருந்து யார் கூப்பிட்டாலும் பூபாலன் ஆலங்காயத்தில் இன்னொரு டிஷ்காரரைக் கைகாட்டிவிடுவார்.

"கொரங்கு வந்து திருப்பி வுட்டுட்சிடா. வேற ஆள அனுப்பாத. நீயே வரணும்" என்று சொல்லி, பதிலுக்குக் காத்திராமல் சேட்டு போனை வைத்துவிட்டார்.

சேட்டு வீட்டில் மாடிப்படி இருந்தது, ஏணிக்கு வேலை இல்லை. அரை மணியில் படம் வந்துவிட்டது. சேட்டு காலை இழுத்து இழுத்துப் பாதிப் படி ஏறி வந்து நின்றார்.

"அப்டியே பக்கத்து மாடியப் பாரு."

பார்க்கக் கூடாது என்றுதான் இருந்தார். தொழில் கண் விடவில்லை. அண்ணன் வீட்டு டிஷ் தென்கிழக்கைப் பார்க்கவில்லை. கொல்லைப்புறத்து முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தத் திசையில் உலகத்தில் எந்தச் சேனலும் வராது.

"மூணு மாசமா அப்டித்தான் கெடக்குது" என்றார் சேட்டு. "வேற டிஷ்காரன கூப்டுண்ணான்னு நானும் சொல்லிப் பாத்துட்டேன். எங்க வூட்டுலயே டிஷ்காரன் இருக்கறப்போ வெளி ஆள எதுக்குடா கூப்புடணும்னு கேக்கறாரு. படமே வராத டிவிய தெனம் போட்டுகினு ஒக்காந்துக்கறாரு. நான் இன்னா பண்றது?"

சேட்டு இறங்கிப் போய்விட்டார். மணி இரண்டு ஆகப் போகிறது. அண்ணி சம்பூர்ணம் நூறு நாள் வேலைக்குப் போயிருக்க வேண்டும், வீட்டில் வேறு அரவம் இல்லை. பின் கதவு திறந்தது. கோபால்சாமி வெளியே வந்தார். பதினொரு வருஷத்தில் தலை முழுக்க வெளுத்திருந்தது. பூபாலன் சட்டென்று தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒதுங்கினார். யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் கோபால்சாமி நெற்றியில் கையை வைத்து அண்ணாந்து தன் டிஷ்ஷைப் பார்த்தார். உள்ளே போய் முருங்கைக்காய் பறிக்கும் தொரட்டியை எடுத்துவந்தார். அதன் நுனியை டிஷ்ஷின் விளிம்பில் கொடுத்து, மெதுவாக ஒரு தள்ளு தள்ளினார். ஓடிப் போய் உள்ளே பார்த்தார். திரும்பி வந்து இன்னொரு தள்ளு. தினமும் செய்கிற வேலை போலிருந்தது. தள்ளியதெல்லாம் மேற்குப் பக்கம். ஒவ்வொரு தள்ளுக்கும் டிஷ் வானத்தை விட்டு இன்னும் தூரமாகப் போய்க்கொண்டிருந்தது.

"அந்தப் பக்கம் இல்ல! வுடு, வுடு!"

கத்தியது தான்தான் என்று பூபாலனுக்கே ஒரு கணம் கழித்துத்தான் தெரிந்தது. கோபால்சாமி தொரட்டியைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் வெயில். யார் என்று தெரிந்ததா தெரியவில்லை. தெரிந்துவிட்டது. தொரட்டியைக் கீழே இறக்கினார்.

இரண்டு மாடிக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. சின்ன வயதில் அதைத் தாண்டித்தான் சேட்டு வீட்டுக்குப் போவார்கள். பூபாலன் பையோடு தாண்டினார். அண்ணன் மாடியின் சூடு காலில் ஏறியது. ஏன் வச்ச என்ற இரண்டே சொல் பதினொரு வருஷமாக உள்ளே கிடந்தது. விளிம்புக்கு வந்து, குனிந்து, வாயைத் திறந்தார்.

"உள்ள போய் டிவியப் பாரு" என்றுதான் வந்தது.

கோபால்சாமி உள்ளே போனார். பூபாலன் மரையைத் தளர்த்தி, டிஷ்ஷைத் தென்கிழக்கே கொண்டுவந்தார்.

"வருதா?"

ஆயிரம் மாடிகளில் கேட்ட கேள்வி. இவ்வளவு நேரம் எங்கேயும் காத்திருந்ததில்லை.

"வருதா?" என்றார் மறுபடியும்.

"வர்ல" என்று உள்ளிருந்து வந்தது.

"இப்ப?"

"வர்ல."

"இப்ப?"

"ஏதோ வந்து வந்து போவுது. இன்னும் கொஞ்சம் திருப்புடா."

பூபாலன் ஒரு நூல் திருப்பினார். கீழே வீட்டுக்குள் யாரோ மோதிரத்தைத் தேடிக் கத்தும் சத்தம் தெளிவாகக் கேட்டது. மூன்று மாதம் கழித்து அந்த வீட்டில் படம் வந்துவிட்டது. உள்ளிருந்து கோபால்சாமி கேட்டார்.

"யார்ரா இவ, பச்சப் பொடவயில புதுசா?"

"ஆள மாத்திட்டாங்க."

"எதுக்கு?"

"தெர்ல."

"அவ நல்லா அழுவா" என்றார் கோபால்சாமி.

இவ நல்லவளா, கெட்டவளா என்று கேட்க அதைவிட நல்ல சமயம் வாய்க்காது. இங்கே கேட்கத் தோன்றவில்லை. மரையை இறுக்கினார். குரங்கு தொங்கினாலும் அசையாதபடி வழக்கத்தைவிட இரண்டு சுற்று கூடுதலாக இறுக்கினார். பிறகு போனை எடுத்தார்.

"தமிழு, நல்ல பொடவையா கட்டிகினு ஆட்டோ புடிச்சி வா. வெத்தல பாக்கு வாங்கிக்கோ. எங்கன்னு கேக்காத, எங்க வூட்டுக்குத்தான்... பத்திரிகை என்னான்டயே இருக்குது."

வந்த வழியாகவே தாண்டிப் போயிருக்கலாம். அதற்குள் கீழே ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். கோபால்சாமி மாட்டுக் கொட்டகையிலிருந்து பழைய மர ஏணியை இழுத்து வந்து சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தார். சாய்த்துவிட்டு, அதன் அடியில் ஒரு காலை அண்டை கொடுத்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மேலே பார்க்காமல் நின்றார்.

பூபாலன் விடச் சொல்லவில்லை. காக்கிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, உலுக்கிப் பார்க்காமலே, முதல் படியில் காலை வைத்தார்.